பயத்துக்கு ஆள் வராது

எனக்கு மழை என்றால் பயம். நிலத்தை நம்பிச் சாப்பிடுகிற வீட்டில் இருந்துகொண்டு ஒருத்தி இப்படிச் சொன்னால் வாய்மேலேயே போடுவார்கள். மழையை வையக் கூடாது என்பார்கள். நான் எங்கே வைதேன்? பயம் என்றுதான் சொல்கிறேன். மலையின் ஊர்ப் பக்கச் சரிவில் மண் இறங்கி, உள்ளே இருந்தவர்களோடு வீட்டை மூடியதே, அந்த மழையிலிருந்து இந்தப் பயம். நாங்கள் இருப்பது மலைக்கு இந்தப் பக்கம், அடி அண்ணாமலையில். எங்கள் பக்கம் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அன்று முழுக்க வாசலில் நின்று மலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறந்த வீட்டிலிருந்தே தினமும் கும்பிட்ட மலை. அதைப் பார்த்து, நகராமல் இரு சாமி என்று கெஞ்சுகிற நாள் வரும் என்று நினைத்ததே இல்லை.

அந்த வாரம் என் வீட்டுக்காரர் ஊரில் இருந்தார். பெங்களூரில் காய்கறி டெம்போ ஓட்டுகிறவர், மாதம் ஒரு தடவை வந்து போவார். “உள்ள வா. மல எங்கியும் போவாது” என்று கையைப் பிடித்து இழுத்துப் போனார். அப்போது நான் நடுங்கிய நடுக்கம் அவர் மனதில் அப்படியே நின்றுவிட்டது. அது பின்னால் எதில் கொண்டுபோய் விட்டது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் நிலம், ஒரு கிணறு. பட்டா அவர் பெயரிலும் அவர் அண்ணன் பெயரிலும் கூட்டாக இருக்கிறது. என் மூத்தார் ரமணாசிரமம் பக்கம் ஆட்டோ ஓட்டுகிறார். வெள்ளைக்காரர்களை ஏற்றிக்கொண்டு போய் ரூம் காட்டுவார், யோகா சொல்லித்தருகிற இடம் காட்டுவார், அப்படியே காலி மனையும் காட்டுவார். நிலத்துக்கு ஆம்பளை அவர்தான் என்று ஊரில் பெயர். அந்த நிலத்தில் அவர் செருப்பைக் கழற்றி நான் பார்த்ததில்லை. விதைப்பது, களை எடுப்பது, மோட்டார் போடுவது, ஆள் கூப்பிடுவது எல்லாம் நான். ஆனால் என்றைக்கு விதைப்பது, என்றைக்குப் பிடுங்குவது என்று நாள் சொல்வது மட்டும் அவர்கள் இரண்டு பேரும். போனில் பேசி முடிவு செய்து, எனக்குச் சொல்வார்கள்.

அடுத்து வந்த ஆடிக்கு முந்தின இரண்டு போகமும் போய்விட்டது. ஒன்று மழையில்லாமல் காய்ந்தது. இன்னொன்று மழை விடாமல் பெய்து அழுகியது. ஆடியில் விதைக்கப் போகும்போது மூத்தார் வீட்டுக்கு வந்து, போனில் என் வீட்டுக்காரரையும் வைத்துக்கொண்டு பேசினார். “இந்த ஒரு தபா பாப்போம். இதுவும் போச்சுன்னா மனையா போட்டுடலாம். ரோட்டோரம், கிரிவலப் பாதைக்குக் கிட்ட. கேக்கிறவன் ஜாஸ்தி.” போனில் அவர் “சரிண்ணா” என்றார். என்னை யாரும் கேட்கவில்லை. நான் டீ போட்டுக்கொண்டிருந்தேன். சர்க்கரை போட்டேனா இல்லையா என்று தெரியவில்லை, அப்படி ஒரு பயம். நாற்பத்து மூன்று வயதில் எனக்குத் தெரிந்த வேலை அந்த நிலம் ஒன்றுதான். அதில் மனைக் கல் நட்டுவிட்டால் நான் எங்கே போவேன்? யாரோ கட்டுகிற விடுதியில் பாத்ரூம் கழுவப் போக வேண்டும். வேலை கேவலம் என்று சொல்லவில்லை. என் நிலத்தின்மேல் கட்டிய பாத்ரூமை நான் கழுவ முடியாது, அவ்வளவுதான்.

விதைப்புக்கு முன்னால் வேங்கிக்காலில் ஒரு பயிற்சி நடந்தது. மாறிப்போன மழைக்கும் வெயிலுக்கும் ஏற்ற மாதிரி சாகுபடி செய்வது எப்படி என்று ஒரு அமைப்பு நடத்தியது. அழைப்பு என் வீட்டுக்காரர் பெயருக்கு வந்தது. அவர் பெங்களூரில் சிக்னலில் நிற்கிறார், நான் போனேன். போய்ப் பார்த்தால் அங்கே முக்கால்வாசி பெண்கள். எல்லாரும் புருஷன் பெயருக்கு நேரே கையெழுத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தோம். மேடையில் பேசியவர் “விவசாயப் பெருமக்களே, உங்க வீட்டம்மாகிட்டயும் போய்ச் சொல்லுங்க” என்றார். நாங்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டோம். பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள்.

நல்ல விஷயங்கள் சொன்னார்கள், குறை சொல்ல முடியாது. மேட்டுப்பாத்தி போட்டு இரண்டு பக்கமும் வாய்க்கால் விட்டால் ஜாஸ்தி மழை வடிந்துவிடும் என்றார்கள். அப்படியே செய்தேன். மூத்தார் ஆட்டோவிலிருந்து எட்டிப் பார்த்து, “என்னாம்மா, கீர வெதைக்கப் போறியா?” என்று கேலி செய்துவிட்டுப் போனார். பயிற்சி முடியும்போது ஒரு நோட்டைச் சுற்றுக்கு விட்டார்கள். மழை, புயல் வந்தால் முன்கூட்டியே போனுக்கு மெசேஜ் வரும், நம்பரை எழுதுங்கள் என்றார்கள். ஒரு கட்டத்தில் நில உரிமையாளர், பக்கத்துக் கட்டத்தில் போன் நம்பர். நான் என் கையால், ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல், என் வீட்டுக்காரர் பெயரையும் அவர் நம்பரையும் எழுதினேன். என் நம்பரை எழுதக் கூடாது என்று யாரும் தடுக்கவில்லை. எனக்குத் தோன்றவே இல்லை. எனக்கு முன்னால் எழுதிய பெண்களும் அப்படித்தான் எழுதியிருந்தார்கள். எலுமிச்சை சாதப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினோம்.

வேர்க்கடலையை நாங்கள் மல்லாட்டை என்போம். அந்த வருஷம் மல்லாட்டை கண்ணுக்கு நிறைந்து வந்தது. ஐப்பசி பிறந்தது. ஐப்பசியில் அடைமழை என்பார்கள், அந்த ஐப்பசியில் வானம் வெளுத்துக் கிடந்தது. செடியைப் பிடுங்கிக் காயை உடைத்துப் பார்த்தேன். தோல் உள்பக்கம் கறுத்திருந்தது. அப்படியென்றால் முற்றிவிட்டது. ஆனால் மண் இறுகிப்போய், இழுத்தால் செடி மட்டும் கையோடு வந்தது, காய் அறுந்து மண்ணுக்குள் நின்றுவிட்டது. மல்லாட்டையில் இதுதான் தொல்லை. பிடுங்க ஈரம் வேண்டும். முற்றிய பிறகு ஈரம் ஜாஸ்தியானாலோ, காய் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும்.

போனில் கேட்டேன். “அண்ணன்கிட்ட பேசிட்டேன். ஒரு மழ பேயட்டும். மண்ணு பொதபொதன்னு ஆனதும் புடுங்கலாம்” என்றார் என் வீட்டுக்காரர்.

“ஒரு மழையோட நிக்கலன்னா?”

“உனக்கு எப்பப் பாரு மழன்னா பயம்” என்று சிரித்தார்.

அந்தக் காலத்தில் ஒரு மழை என்றால் ஒரு மழைதான். இப்போதெல்லாம் மழை ஒண்டியாக வருவதில்லை, வந்தால் ஊரையே கூட்டிக்கொண்டு வருகிறது. இதை நான் யாரிடம் சொல்வது? மூன்று நாள் வயலுக்கும் வீட்டுக்கும் நடந்தேன். வெயில் இல்லை, ஆனால் புழுக்கம். உட்கார்ந்த இடத்தில் வேர்த்தது. வியாழக்கிழமை போய், வெள்ளி போய், சனி போயிற்று. ஞாயிற்றுக்கிழமை காலையில் பயம் தாங்காமல், யாரையும் கேட்காமல் மோட்டாரைப் போட்டேன். கிணற்றில் கொஞ்சம்தான் தண்ணீர். ஒரு நாள் இறைத்தால் கால்வாசி நிலம் நனையும், மறுநாளைக்குள் அதே அளவு ஊறும். இன்று கால்வாசி நனைத்து நாளைக்கு அதைப் பிடுங்குவது, நாளைக்கு அடுத்த கால்வாசியை நனைப்பது என்று கணக்குப் போட்டேன். நாலு நாள் பிடுங்கினால் முழு நிலமும் வந்துவிடும். திங்கள், செவ்வாய், புதன், வியாழன்.

மல்லாட்டை பிடுங்கப் பெண்கள்தான் வருவார்கள். அவர்களைச் சேர்த்துக் கூட்டிவருகிற அக்கா ஒருவர் இருக்கிறார், எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. அவரிடம் போய்ச் சொன்னேன். “ஆம்பளைங்க நாள் சொன்னாங்களா?” என்று கேட்டார். சொன்னார்கள் என்றேன். கூசாமல் பொய் சொன்னேன்.

“திங்களும் செவ்வாயும் வரோம்” என்றார் அக்கா. “புதன்கிழம பௌர்ணமி. தெரியுமில்ல?”

பயத்தில் நான் பௌர்ணமியை மறந்திருந்தேன். எங்கள் ஊரில் இதை மறக்கிறவளை என்ன சொல்வது? பௌர்ணமி அன்று எங்கள் ஊர்ப் பெண்கள் யாரும் வயலில் இறங்க மாட்டார்கள். கிரிவலப் பாதை ஓரம் சாக்கு விரித்துக் கடை போடுவார்கள். அவித்த மல்லாட்டை, சுக்குக் காப்பி, வெள்ளரிப் பிஞ்சு, பூ. ஒரு மாதக் குடும்பச் செலவில் பாதி அந்த ஒரு நாளில் வரும். மறுநாள் விழுந்து தூங்குவார்கள்.

திங்களும் செவ்வாயும் பாதி நிலம் வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை மூத்தாருக்குச் செய்தி போய், போனில் கத்தினார். “யார கேட்டு புடுங்கற? ஈரமில்லாத மண்ணுல புடுங்கி பாதிக் காய உள்ளயே உட்டுட்டு வரியா?” மோட்டார் போட்டு நனைத்துத்தான் பிடுங்கினேன் என்றேன். “கெணத்துத் தண்ணிய வேற காலி பண்ணிட்டியா?” என்றார். நான் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு மலைப் பக்கம் பார்த்தேன். வானம் இன்னும் வெளுப்பாகத்தான் இருந்தது. ஒருவேளை இவர் சொல்வதுதான் சரியோ, நான்தான் பைத்தியக்காரி மாதிரி ஆடுகிறேனோ என்று அப்போது ஒரு பயம். ஒரு பயத்துக்கு மேல் இன்னொரு பயம்.

புதன்கிழமை காலையில் அக்காவைத் தேடிக்கொண்டு பாதைக்கே போனேன். அண்டாவை அடுப்பில் ஏற்றிக்கொண்டிருந்தார். என் வயலில் கூலியாக வாங்கிப் போன மல்லாட்டைதான், உப்புப் போட்டு வெந்துகொண்டிருந்தது. நாலே நாலு பேரை மட்டும் அனுப்புங்கள், மத்தியானம் வரைக்கும் போதும் என்று கேட்டேன்.

“மழ வரும்னு யாரு சொன்னா உனக்கு? டிவியில சொன்னானா? மெசேஜ் கிசேஜ் வந்துச்சா?”

“யாரும் சொல்லலக்கா. பயமா இருக்குது.”

அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கோபமில்லை. இரக்கம்கூட இருந்தது. “ஏம்மா, பயத்துக்கெல்லாம் ஆள் உட முடியுமா? ஒரு வார்த்த யாராவது சொல்லியிருந்தா இவளுங்ககிட்ட நான் பேசுவேன். உனக்குப் பயமா இருக்குதுன்னு சொல்லி இவளுங்க பொழப்ப நான் எப்படிக் கெடுக்கறது?”

அவர் சொன்னதில் என்ன தப்பு? திரும்பி வந்தேன். முந்தின நாள் நனைத்திருந்த மூன்றாவது கால்வாசியில் நான் ஒண்டியாக இறங்கினேன். குனிந்த முதுகு நிமிரவில்லை. பாதையில் ஜனங்கள் நடக்க ஆரம்பித்துவிட்ட சத்தம் வயல் வரைக்கும் கேட்டது. மூன்று பாத்தி முடித்திருப்பேன். மூன்று மணி இருக்கும். மலைக்குப் பின்னாலிருந்து காற்று ஒன்று வந்தது, குளிர்ந்த காற்று. உடம்பெல்லாம் சில்லிட்டது. நிமிர்ந்து பார்த்தால் மலை உச்சியைக் காணவில்லை. மேகம் மூடியிருந்தது.

அதற்குப் பிறகு நான் செய்தது எல்லாம் ஓட்டம்தான். பிடுங்கிப் போட்டிருந்த செடியை வாரி வாரி மாட்டுக்கொட்டகையிலும் வீட்டுக்குள்ளும் கொண்டுபோய்ப் போட்டேன். படுக்கிற அறை, சாமி மாடம் வைத்த கூடம், எங்கே பார்த்தாலும் மல்லாட்டைச் செடி. தார்ப்பாய் காற்றில் பிய்த்துக்கொண்டு போயிற்று. பாதையில் ஜனங்கள் தலையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு அரோகரா போட்டபடி நடந்தார்கள். அவர்கள் சாமியைக் கூப்பிட்டார்கள். நானும் அதே சாமியைத்தான் கூப்பிட்டேன், நிறுத்து நிறுத்து என்று.

மூன்று நாள் நிற்கவில்லை. மண்ணும் இலையும் கலந்த அந்தப் பச்சை வாசனைக்கு நடுவில், ஈரச் செடிகளை ஒதுக்கிவிட்டு ஒரு ஓரமாகப் படுத்துக்கொண்டேன். மலை இருக்கிறதா, வயல் இருக்கிறதா என்று ஒன்றும் தெரியாமல் கூரைத் தகரத்தின் மேல் விழுகிற சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்படி ஒரு பயம் என் எதிரிக்குக்கூட வரக் கூடாது.

நாலாம் நாள் வெளுத்தது. மேட்டுப்பாத்தியால் தண்ணீர் தேங்கவில்லை, அது உண்மை. ஆனால் மூன்று நாள் நனைந்த மண் நனைந்ததுதானே? பிடுங்காமல் விட்ட பாதியில் ஒரு செடியை இழுத்தேன். வெண்ணெயில் இழுத்த மாதிரி வந்தது. எல்லோரும் காத்திருந்த ஈரம். காய் ஒவ்வொன்றிலும் வெள்ளையாக முளை நீட்டிக்கொண்டிருந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் வந்தார். மூத்தாரும் வந்தார். மல்லாட்டைச் செடிக்கு நடுவில் இரண்டு சேர் போட்டு உட்கார்ந்தார்கள். நான் கதவோரம் நின்றேன். மூத்தார் பேச்சை நீட்டவில்லை. “பாதி போனாலும் போனதுதான். நான் அப்பவே சொன்னேன். கல்லு நட ஆள் பாத்திருக்கேன்.” என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு ஒரு காயை உடைத்து உடைத்துக் கீழே போட்டுக்கொண்டிருந்தார்.

மூத்தார் அதோடு நிறுத்தியிருக்கலாம். தவளை தன் வாயால் கெடும் என்பார்களே, மேலே பேசினார். “இம்மாம் மழ வரும்னு எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமையே மெசேஜ் வந்துடுச்சு.”

“எந்த வெள்ளிக்கிழம மாமா?” என்று கேட்டேன்.

“பௌர்ணமிக்கு முன்ன வந்த வெள்ளிக்கிழம.”

நான் கையை நீட்டினேன். அவர் முன்னால் நான் அப்படிக் கையை நீட்டியது அதுதான் முதல் தடவை. என்ன நினைத்தாரோ, போனைக் கொடுத்துவிட்டார். புதன்கிழமை முதல் கனமழை என்றும், முற்றிய நிலக்கடலையை உடனே அறுவடை செய்து பாதுகாக்க வேண்டும் என்றும் தமிழில் இருந்தது. அனுப்பியது என் வீட்டுக்காரர். அவருக்கு வந்ததை, வந்த நிமிஷமே, அண்ணனுக்குத் தள்ளிவிட்டிருக்கிறார். நான் எழுதிக் கொடுத்த நம்பருக்கு வந்த மெசேஜ், பெங்களூர் போய், ரமணாசிரமம் பக்கம் ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போய், அங்கேயே படுத்துவிட்டது. எனக்கும் ஆட்டோ ஸ்டாண்டுக்கும் நடுவில் பத்து கிலோமீட்டர்கூட இல்லை.

“எனக்கு ஏங்க சொல்லல?”

என் வீட்டுக்காரர் நிமிர்ந்தார். “நீ பயந்துடுவேன்னுதான் சொல்லல” என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அன்றைக்கு வாசலில் நடுங்கிக்கொண்டு நின்றவளைத்தான் அவர் நினைத்திருக்கிறார். அறுவடையை அண்ணன் பார்த்துக்கொள்வார் என்று விட்டு, பாசத்தில் என்னிடம் மறைத்திருக்கிறார். வஞ்சகமாக இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். பாசத்தோடு எப்படிச் சண்டை போடுவது? இவர் இப்படி என்மேல் பாசமாக இருந்தே என் நிலத்தை முடித்துவிடுவாரே என்று பயமாக இருந்தது.

அந்தப் பயத்தில்தான் வாய் திறந்தது. “நான் பயந்துதான் பாதி நெலத்தப் புடுங்கனேன். யாரும் சொல்லாம, சும்மா பயந்து. வெள்ளிக்கிழம சொல்லியிருந்தா அன்னிக்கே மோட்டார் போட்டிருப்பேன். சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய். நாலு நாள். பௌர்ணமிக்கு முன்னாடி மொத்தமும் வூட்டுக்கு வந்திருக்கும். அந்த ரெண்டு நாள மறச்சு வச்சிருந்தது நீங்க ரெண்டு பேரும். மழ எடுத்துக்கினு போச்சுன்னு சொல்லாதீங்க.” குரல் நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டேன். “பயிர் போச்சுன்னாதான் கல்லுன்னு பேச்சு. போனது என்னால இல்ல. எனக்கு இன்னொரு போகம் வேணும்.”

மூத்தார் எழுந்து, வண்டியில் ஆள் காத்திருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். யாரும் காத்திருக்கவில்லை. என் வீட்டுக்காரர் கீழே சிதறிய காய்களைப் பொறுக்கிக்கொண்டே, “வெதைக்கு எடுத்து வெய்” என்று மட்டும் சொன்னார்.

மறு வாரம் வேங்கிக்கால் போய் நம்பரை மாற்றச் சொன்னேன். அங்கே இருந்த பெண், பழைய நம்பருக்கு ஓடிபி வரும், அதைச் சொன்னால்தான் மாற்ற முடியும் என்றாள். என் நம்பரைப் போடவும் அவர் நம்பர்தான் உத்தரவு தர வேண்டும். போன் போட்டேன். “எதுக்கு?” என்றார். சொன்னேன். “இரு, சிக்னல்ல இருக்கேன்” என்றார். அந்தப் பெண் கம்ப்யூட்டரில் நேரம் ஓடுவதைக் காட்டினாள். நேரம் முடிந்துவிட்டது. இனி தரவே மாட்டார் என்று பயந்தேன். இன்னொரு தடவை அனுப்பச் சொன்னேன். இந்தத் தடவை அவரே கூப்பிட்டு, ஒவ்வொரு எண்ணாக நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

காப்பாற்றிய பாதியில் எடுத்த விதையை மார்கழிக் கடைசியில் விதைத்தேன். சித்திரையில் முற்றியது. சித்ரா பௌர்ணமிக்கு ஐந்து நாள் இருக்கும்போது இடுப்பில் செருகியிருந்த போன் அதிர்ந்தது. இடி, சூறைக்காற்று, கோடை மழை. எழுத்தைப் பார்த்ததும் அதே பயம். கொஞ்சம்கூடக் குறையவில்லை. மோட்டாரைப் போட்டுவிட்டு அக்கா வீட்டுக்கு ஓடி, போனை நீட்டினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. நான் படித்துக் காட்டினேன். “இந்தா, இத மொதல்லயே காட்டியிருந்தா” என்று ஆரம்பித்தவர், பாதியில் நிறுத்திக்கொண்டு, “எத்தினி பேர் வேணும்?” என்றார்.

நாலாம் நாள் கடைசிப் பாத்தியைப் பிடுங்கிக்கொண்டிருந்தபோது என் வீட்டுக்காரர் கூப்பிட்டார். டிவியில் பார்த்தாராம். “மழன்னு சொல்றான். உனக்கு மெசேஜ் வந்துச்சா?”

“நாலு நாளாச்சு.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

வானம் மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. “நீங்க பயந்துடுவீங்கன்னுதான் சொல்லல” என்றேன்.

அந்தப் பக்கம் அவர் டெம்போவை ஓரம் கட்டி நிறுத்துகிற சத்தம் கேட்டது. பிறகு, “எனக்கும் பயமாத்தான்டி இருக்குது” என்றார் மெதுவாக. எத்தனை வருஷமாக என்று நான் கேட்கவில்லை. தார்ப்பாய் கட்டணும், அப்புறம் பேசறேன் என்று சொல்லிவிட்டுப் போனை இடுப்பில் செருகிக்கொண்டேன்.